பால் கவர் மாமா

மாம்பலமோ மயிலாப்பூரோ, தெருவுக்கு ஒரு பால் கவர் மாமா உண்டு. ஆவின் கவரின் மூலையைக் கொஞ்சமாகக் கத்தரிப்பார். துண்டு தனியே விழுந்தால் எடை குறையுமே! கவரைக் கழுவிக் குளியலறைச் சுவரில் ஒட்டிக் காயவைப்பார். முகம் கழுவப் போகும் விருந்தாளி, ஒரு வாரப் பால் கணக்கைச் சுவரிலேயே படித்துவிட்டு வரலாம்.

"பூமியைக் காப்பாத்தறீங்களா மாமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

"பூமி கிடக்கட்டும். கிலோ என்ன விலை போறது தெரியுமோ?"

சிறுவயதில் ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்ற கூவலைக் கேட்டு, தாத்தாவின் வெற்றிலைச் செல்லத்தையே கொடுத்துத் தின்றவர் அவர். அன்று பாட்டி கொடுத்த அடிதான் அவர் பெற்ற சுற்றுச்சூழல் கல்வி.

பழைய பேப்பர்காரர் வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உற்சவம். தமிழ்ப் பேப்பர் தனிக்கட்டு, ஆங்கிலப் பேப்பர் தனிக்கட்டு. ஆங்கிலத்துக்கு விலை கூட. மாமா அதை வாங்குவதே விற்பதற்குத்தான் என்று மாமிக்கு வெகுநாள் சந்தேகம்.

"நேத்து என் தராசுல ஏழு கிலோ காட்டித்தேப்பா?"

"அப்ப உங்க தராசையும் எடைக்குப் போட்டுடுங்க சார்."

அஞ்சு ரூபாய்க்கு அரைமணி நேர வழக்கு. ஜெயித்த மாமாவுக்குக் காசைவிட, எதிர்வீட்டுக்காரருக்குக் கிடைத்ததைவிட ஒரு ரூபாய் கூட என்பதில்தான் பரம திருப்தி.

மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று பிரித்துக் கொடுக்கச் சொல்லி 2016-இல் மத்திய அரசு விதி போட்டது. மாமா வீட்டில் மக்காத குப்பைக்கான நீலத் தொட்டி எப்போதும் காலி. காசு பெறும் சரக்கை மாநகராட்சிக்கு இனாமாகக் கொடுக்க அவர் என்ன கர்ணனா? காயலான் கடை சீந்தாத சிப்ஸ் பாக்கெட்டோ, இருட்டியதும் பக்கத்துக் காலிமனைக்குப் போய்விடும்.

இதில் மாமாவை மட்டும் குறை சொல்வானேன்? காட்டில் வீசிய பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று நீலகிரியில் சொல்லாத ஆளில்லை; சொல்லி என்ன பயன்? 2022-இல் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டில் வந்தால் திருப்பிக் கொடுத்தார்கள். தள்ளாடிக்கொண்டு போனவர்கள்கூடப் பாட்டிலை மறக்காமல் கொண்டுவந்தார்கள்.

அதனால் அதிகாரிகளே, விழிப்புணர்வு ஊர்வலத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, சிப்ஸ் பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் வையுங்கள். எங்கள் தெருக் காலிமனையை மாமா ஒரே ராத்திரியில் துடைத்துக் கொடுத்துவிடுவார்.