எழுபத்திரண்டு அங்குல விண்ணப்பம்

சார்வரி ஆண்டு, தை 20 (2021 பிப்ரவரி 2)

மகாராஜராஜஸ்ரீ நோய்த்தடுப்புக் கண்காணிப்பு அதிகாரியவர்கள் சமூகத்திற்கு, திருப்பூரில் நொய்யல் கரையோரத்துக் கபடிக் கழகம் ஒன்றின் காரியதரிசி அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்ட விண்ணப்பம். இங்கு யாவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்தையும், தங்கள் இஞ்சு டேப்பின் க்ஷேமத்தையும் அறிய ஆவல்.

நிற்க. சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, எதிரணிப் பையன் ஒருவன் மூச்சடக்கிப் பாடிக்கொண்டு வந்து, பாடுகோட்டைத் தாண்டிக் கடைக்கோடு வரை துணிந்து புகுந்து, எங்கள் பிள்ளைகள் நால்வர் சங்கிலி கோத்து அவனை மண்ணோடு அமுக்கிய சுபமுகூர்த்தத்தில், தாங்கள் பரிவாரங்களுடன் எழுந்தருளியதையும், விழுந்து கிடந்த ஐவரையும் கிடந்தபடியே கிடக்கப் பணித்து, சட்டைப் பையிலிருந்து தையற்காரர் டேப்பை உருவி அவர்களுக்கிடையே இருந்த தூரத்தைச் சிரத்தையோடு அளந்ததையும், அந்தத் தூரம் பூஜ்யம் என்று கண்டு ஆச்சரியப்பட்டதையும் நாங்கள் ஆயுள் உள்ளவரை மறக்க இயலாது. தலைக்கு 500 ரூபாய் வீதம் ஐவருக்கு 2,500. விசில் ஊதும்பொருட்டு முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கியிருந்த நடுவராகிய அடியேனுக்கு 200. ஆக 2,700 ரூபாய்க்கு ரசீது கிழித்துக் கொடுத்தீர்கள். 2020 செப்டம்பரில் திருத்திய பொதுச் சுகாதாரச் சட்டத்தில் ஒரு பைசாவும் கூட்டாமல் குறைக்காமல் உள்ள தொகை அது. முகக்கவசத்துக்குள்ளிருந்து விசில் ஊதும் வித்தையை மட்டும் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் தேடிக் காணோம்.

தங்கள் டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அனுமதிக்க வேண்டும். ஆறடி என்பது எழுபத்திரண்டு அங்குலம். தையற்காரர் டேப் அறுபது அங்குலத்தோடு முடிந்துவிடும். கழுத்தளவில் அரை அங்குலம் பிசகினாலும் செக்கிங் மேசையிலிருந்து பீஸ் திரும்பி வந்துவிடுகிற இந்த ஊரில், இது கைக்குழந்தைக்கும் தெரிந்த சமாசாரம். தாங்களோ, எங்களை ஆறடி தள்ளி நிறுத்தும்போது, டேப் தீர்ந்த இடத்தில் பெருவிரலை ஊன்றி மிச்சத்தைச் சாணால் அளந்தீர்கள். பெரியவர்களின் சாண் பெரிதாகத்தான் இருக்கும். அதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் மைதானத்தின் சாஸ்திரம் தங்கள் சாணுக்கு இணங்க மறுக்கிறது. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாடுகோடு. அதற்கப்பால் ஒரு மீட்டரில் போனஸ் கோடு. போனஸ் கோட்டிலிருந்து கடைக்கோட்டுக்கு எஞ்சுவது 1.75 மீட்டர், அதாவது ஐந்தடி ஒன்பது அங்குலத்துக்கும் ஒரு நூல் குறைவு. ஆகவே பாடி வருகிறவன் யாரையும் தொடாமல், ஒரு பாதத்தை மட்டும் போனஸ் கோட்டுக்கு மேல் தூக்கி வைத்தாலும், அவனுக்கு நேரெதிரே கடைக்கோட்டை ஒட்டி நிற்கிறவன் மூன்று அங்குலக் குற்றவாளி ஆகிவிடுகிறான். இந்த மூன்று அங்குலத்தை 1990-இல் பீஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடியைச் சேர்த்துக்கொண்டவர்களும் கவனியாமல் விட்டது பெரும் பிழையே. அவர்களிடம் தங்கள் டேப் இல்லை.

நாங்கள் காலத்துக்கேற்ப மாறாத மூடர்கள் என்று சந்நிதானம் எண்ணிவிடக் கூடாது. ஊரடங்கு வந்த புதிதில் பயிற்சியை அலைபேசிக் காணொளியில்தான் நடத்தினோம். லைன் வீட்டின் இருட்டு மூலையில், அடுப்புக்கும் பாய்ச்சுருளுக்கும் நடுவே ஒருவன் குனிந்து நின்று, எதிரே ஆளில்லாத சுவரைப் பார்த்துக் கைகளை விரித்து, “கபடி கபடி” என்று மூச்சு முட்டப் பாடுவான். ஆறு அறைகளில் ஆறு பேர் அவனைப் பிடிப்பதாகப் பாவனை செய்து தத்தம் தலையணையைக் கட்டிப் புரளுவார்கள். மூன்றாம் நாள், “அந்தப் பையனுக்கு ஜன்னி கண்டிருக்குதுங்க, மூணு நாளா ஒரே வார்த்தையப் பெனாத்தறானுங்க” என்று பக்கத்து வீட்டு அம்மாள் சுகாதாரத்துறைக்குத் தகவல் கொடுக்க, மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்த பிறகே அவன் பாட்டுக்கு விமோசனம் கிடைத்தது. மைதானத்துக்குத் திரும்பிய பின் முகக்கவசத்தோடும் ஆடிப் பார்த்தோம். மூன்றடுக்குப் பனியன் துணிக்குள் பாட்டு அடங்கிப் போய், நடுவர் காதுக்கு எட்டாமல், பாடியவனெல்லாம் பாடாதவன் என்று அவுட்டானான். அந்தக் கவசங்களைத் தைத்தவர்களும் அதே பிள்ளைகள்தான். உலகுக்குப் பனியன் தைத்த ஊர் 2020-இல் நாட்டுக்கு முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் தைத்தபோது, இரவுபகலாக ஓவர்லாக் மிஷினில் குனிந்திருந்த முதுகுகள் இவை.

தங்கள் மேசைக்கு அனுப்பியிருக்கும் மாற்று யோசனைகளில், தொடுகைக்குப் பதிலாக இஞ்சு டேப்பை வீசி அதன் நுனியால் தொடலாம் என்பதும் ஒன்று. டேப் பன்னிரண்டு அங்குலம் குட்டை என்பது பிறகுதான் எங்கள் புத்தியில் உறைத்தது.

சந்நிதானத்தில் ஒரு சந்தேகம் கேட்கலாமா? அன்று இரு அணியிலும் ஆடிய பதினான்கு பேரில் ஒன்பது பேர் ஒரே கம்பெனி வேனில் வேலைக்குப் போகிறவர்கள். பன்னிரண்டு பேர் உட்காரும் வேனில் இருபத்தைந்து பேரை அடைத்துக்கொண்டு தினந்தோறும் அது தங்கள் அலுவலக வாசலைக் கடந்துதான் போகிறது. அதை நிறுத்தி ஒரு நாளாவது டேப் வைத்தீர்களா? பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் படுக்கிறார்களே, பாய்க்கும் பாய்க்கும் நடுவே எத்தனை அங்குலம் என்று எந்த அதிகாரி குனிந்து பார்த்தார்? 2020 மார்ச் 25 முதல் வேலையும் கூலியும் இல்லாமல் அந்த அறையில் பூட்டிக் கிடந்தபோது, அரிசி இருக்கிறதா என்று கேட்க ஒரு ஜீப் வரவில்லை. ஷிப்மெண்ட் போகவேண்டும் என்றால் தோளும் தோளும் உரசலாம். வாரத்தில் ஒரு மணி நேரம் விளையாடினால் குற்றம். அன்று மண்ணில் கிடந்தவன் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவன். அந்த 500 ரூபாய் அவன் ஒரு நாள் முழுக்க முதுகொடித்துச் சம்பாதிக்கிற காசு ஐயா!

க்ஷமிக்க வேண்டும். பேனா ஆவேசத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது. விசில் ஊதுமுன் நடுக்கோட்டுக்குத் திரும்புகிறேன்.

அரசாங்கத்தின் கருணை அளவற்றது என்பதை நாங்கள் பிரத்தியட்சமாக அறிவோம். மதுக்கடைகளை 2020 மே 7 அன்று திறந்து, மறுநாளே உயர்நீதிமன்றம் மூடச் சொன்னபோது, தளராமல் உச்சநீதிமன்றம் வரை சென்று 16-ஆம் தேதி மறுபடி திறந்து வைத்த விடாமுயற்சி எந்த விளையாட்டு வீரனுக்கும் பாடமாகத் தக்கது. இந்தத் தைப் பொங்கலுக்கு ஜல்லிக்கட்டில் 300 வீரர்கள் வரை இறங்கலாம், பார்வையாளர் பாதி அளவு இருக்கலாம் என்று அனுக்கிரகம் பாலித்ததும் அப்படியே. காளையின் திமிலுக்கும் அதைத் தழுவுகிறவன் மார்புக்கும் இடையே எத்தனை அங்குலம் விடவேண்டும் என்று உத்தரவில் காணப்படவில்லை. காளைக்கு டேப் பிடிக்காது போலும். எங்கள் பிள்ளைகளையும் ஏழு காளைகள், ஏழு மாடுபிடி வீரர்கள் என்று பதிவு செய்துகொள்ளத் தங்கள் அலுவலகம் இசையுமானால், கொம்பு நாங்களே கட்டிக்கொள்கிறோம்.

அபராதத்தைச் செலுத்திவிட்டோம். மாசியில் நடத்தவிருக்கும் ஆட்டத்துக்கான மனு, தங்கள் அலுவலகத்தில் மூன்றாவது வாரமாகப் பரிசீலனையில் இருக்கிறது. இத்துடன் ஒரு சிறு காணிக்கையும் கொடுத்தனுப்பியிருக்கிறோம். இரண்டு டேப்புகளை வெட்டிச் சேர்த்து, எழுபத்திரண்டு அங்குலம் சரியாக வரும்படி ஒட்டுப்போட்டது. அன்று பிடிபட்ட பையன்தான் தைத்தான். அறுபதாவது அங்குலத்தில் மூட்டுப் பிரியாமலிருக்க இரட்டைத் தையல் போட்டிருக்கிறான். பெற்றுக்கொண்டதற்கு ரசீது ஒன்று கிழித்துக் கொடுத்தனுப்பப் பிரார்த்திக்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் விதேயன்,
ஆறடி தள்ளி நிற்கும் காரியதரிசி