கூடையும் கோட்டாவும்

ஜூலையில் லாஸ் வேகஸில், அமெரிக்கக் கூடைப்பந்தின் என்பிஏ சம்மர் லீக். ஏசி அரங்கு. என்பிஏ அணிக்கு 15 நிரந்தர இடம். பெரும்பாலும் முன்பே நிரம்பியிருக்கும், மிச்சத்துக்குத்தான் அடிதடி. 2015-இல் 52-ஆவது ஆளாகத் தேர்வான பஞ்சாப்காரர் சத்னாம் சிங் டல்லாஸுக்காக அங்கே ஆடினார். என்பிஏ ஆட்டம் ஒன்றுகூட வாய்க்கவில்லை. இப்போது மல்யுத்த மேடையில் இருக்கிறார். 2021-இல் இன்னொரு பஞ்சாப்காரர் பிரின்ஸ்பால் சிங் இருந்த சாக்ரமென்டோ அணி அந்த லீக்கில் கோப்பையே வென்றது. அவருக்கு இடம் மட்டும் இல்லை.

பல்லாவரத்துப் பையனுக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. அவனுடைய சம்மர் லீக் கத்திரி வெயிலில், ஷூவைத் தாண்டிப் பாதம் சுடும் சிமெண்ட் தரையில். குறி, காலேஜில் ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டு. அப்புறம் ரயில்வே, பேங்க். செலக்‌ஷனுக்கு பீச் லோக்கல் பிடிக்கிறபோது தோளில் பந்து, கக்கத்தில் அதைவிடக் கனமான ஃபைல்: லேமினேட் செய்த சான்றிதழ்கள், நாலு செட் ஜெராக்ஸ். வழியில் மடக்கும் மாமா, "உயரமெல்லாம் சரி தம்பி, பிளஸ் டூவில மார்க் எவ்வளவு?" என்பார். என்பிஏ ஸ்கவுட்டுகளுக்கு இந்தக் கூர்மை வராது.

தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. கூடைப்பந்துக்கு மட்டுமல்ல, கபடி, தடகளம், வாலிபால் எல்லாரும் சேர்ந்துதான் அந்த மூன்றுக்கு வரிசையில் நிற்கிறார்கள்.