அப்பாவுக்கு ஒரு மெட்டல் ஆல்பம்

கேள்வி: ஹெவி மெட்டல் வெறும் இரைச்சல் என்கிறார் அப்பா. நம் நாட்டுக் குழு ஒன்றின் ஆரம்ப ஆல்பங்களில் எதை அவருக்குப் போட்டுக் காட்டலாம்?
– வாசகர், சம்பூர்

பதில்: கொழும்பின் 'ஸ்டிக்மாட்டா'வைப் போடுங்கள். 2003இல் வந்த முதல் ஆல்பம் 'ஹாலோ ட்ரீம்ஸ்'. இளமையின் அவசரம் அதில் துடிக்கும், எனக்கு உயிர். ஆனால் அப்பாவுக்கு 2006இன் 'சைலண்ட் கேயாஸ் சர்பென்டைன்' தான் பொருத்தம். பாடகர் சுரேஷ் டி சில்வா அதில் உறுமுவார், உடனே கனிந்தும் பாடுவார். போரில் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்த ஆண்டும் அதுதான். ஷெல் சத்தம் கேட்ட காதுக்கு இரைச்சல் எது, இசை எது என்று நான் சொல்லவா வேண்டும்? உங்கள் ஊர்ப் பத்திரகாளி அம்மன் திருவிழாவில் மேளம் உச்சத்துக்குப் போகும்போது அப்பா காதைப் பொத்துகிறாரா என்ன? முதலில் சத்தத்தைக் குறைத்தே போடுங்கள். கூட்டச் சொல்லி அவரே கேட்பார்.