மண்ணைத் தாங்கும் அண்ணை

சிட்னியின் மேற்கே, டூங்காபியிலோ பெண்டில் ஹில்லிலோ, சரிவான பின்வளவுள்ள வீட்டை யாழ்ப்பாணத்தவர் ஒருவர் வாங்கினால் அங்கே ஒரு மண்ணைத் தாங்கும் அண்ணை பிறந்துவிடுவார். பிறந்த ஊரில் அவர் சரிவு கண்டவரல்லர். பேரில் மலையுள்ள கீரிமலையிலும் ஏற ஒன்றுமில்லை. கேணியில் இறங்கிக் குளிக்கத்தான் முடியும். ஆனாலும் சரிவு மண்ணைத் தாங்க ஓர் அணைசுவர் வேண்டும் என்று கண்ட அன்றே இடுப்பில் கைவைத்து, "உதுக்கு ஆள் பிடிச்சுக் காசு குடுக்கிறதே? நாலு கட்டையை நட்டு, பலகையை அடுக்கினாச் சரி" என்பார்.

"இஞ்சருங்கோ, தெரிஞ்ச ஆரையும் கூப்பிடுங்கோவன்" என்று அக்கா சொல்வது காற்றோடு போய்விடும்.

இந்தத் துணிவு வேலி தந்தது. கதியால் நட்டு, கிடுகு வரிந்த கை. வேலிக்கு இரண்டு பக்கமும் காற்று; அணைசுவருக்கு ஒரு பக்கம் ஈரமண், கன மீற்றருக்கு ஏறக்குறைய இரண்டு தொன். கதியாலாவது வேர்விட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். அணைசுவருக்கு நடும் ட்ரீட்டட் பைன் மரக்கட்டை துளிர்க்காது.

சனிக்கிழமை பன்னிங்ஸ் கடையில் அவரைக் காணலாம், கையில் சொசேஜ் சுற்றிய பாண். மரத்தின் சிட்டையில் எச்3, எச்4 என்று போட்டிருக்கும். மண்ணோடு ஒட்டி நிற்கும் மரத்துக்கு எச்4 வேண்டும். எச்3 நிலத்துக்கு மேலே நிற்கும் மரத்துக்கு. "மூண்டுக்கும் நாலுக்கும் ஒண்டுதானே வித்தியாசம்" என்று மலிந்ததை ஏற்றுவார். கட்டை வெளியே நிற்கும் உயரமளவுக்கு மண்ணுக்குள்ளும் போகவேண்டும் என்பார்கள். களிமண் மண்வெட்டியைத் திருப்பியனுப்பும் இடம்தான் அண்ணைக்குப் போதிய ஆழம்.

சட்டமும் உண்டு. இந்த மாநிலத்தில் 600 மில்லிமீற்றர் உயரம்வரை, எல்லையிலிருந்து 1 மீற்றராவது தள்ளி நின்றால், பொதுவாக அனுமதி கேட்கத் தேவையில்லை. உயரத்தை அவர் தமக்கு வசதியான பக்கத்திலிருந்து அளப்பார். அந்த 1 மீற்றர்தான் நெஞ்சைக் குத்தும். "ஒரு மீற்றர் காணியைச் சும்மா விடுறதோ? அரையடிக்குக் கோடேறின பரம்பரை நாங்கள்!" சுவர் எல்லைக்கோட்டிலேயே எழும்பும்.

வேலை நடக்கும்போது தேத்தண்ணி குடிக்க வருகிற எல்லோரும் நிபுணர்கள். பேராதனையில் சிவில் படித்த ஒருவர் மட்டும், "பின்னாலை வாற தண்ணி எங்காலை போகும்?" என்று கேட்பார். சுவரின் அடியில், பின்பக்கமாக, துணி சுற்றிய துளைக்குழாய், அதன்மேல் சல்லி; வேண்டியது அவ்வளவுதான். மண்ணைவிடத் தேங்கும் தண்ணீரே சுவரை மோசமாகத் தள்ளுவது. ஆனால் புதைத்தபின் அந்தக் குழாயை யார் பார்த்து மெச்சுவது? காசு சுவருக்கு மேலே வைக்கும் சூரியவிளக்குகளுக்குப் போய்விடும். படத்தில் அவைதான் விழும்.

பிறகு சிட்னிக்கே உரிய விடாமழை. களிமண் ஊதும். மேட்டுப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கவேண்டிய சுவர், வயிறு தள்ளி அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கும். கேட்டால் பதில் தயார்: "அது வடிவுக்கு வளைச்சுவிட்டது, தம்பி." விளக்குகள் மட்டும் நன்றாக எரியும்.

உங்கள் வளவும் சரிவென்றால், முதல் தேத்தண்ணியை அந்தப் பேராதனைக்காரருக்குக் கொடுங்கள். அவர் வரும்வரை பன்னிங்ஸிலிருந்து சொசேஜோடு மட்டும் திரும்பி வாருங்கள், மரம் வாங்கவேண்டாம்.