பனிக்கரடிக்கு முழு மார்க்

மாணவர்களைச் சிந்திக்க வைப்பதற்காக எனக்குச் சம்பளம் தருகிறார்கள். சித்தூரில் ஒரு தனியார் பள்ளியில் நான் சமூக அறிவியல் ஆசிரியர். அதோடு ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட் ‘உலகப் பிரச்சினைகள்’. பருவநிலை, வணிகம், காடழிப்பு, பொய்ச்செய்தி என்று உலகத்தின் தலைவலிகளைச் சாக்காக வைத்துக்கொண்டு, பிள்ளைகளைக் கேள்வி கேட்கவும், ஆதாரம் தேடவும், எதிராளியின் நியாயத்தைக் காது கொடுத்துக் கேட்கவும் பழக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் இதற்கென்றே ‘குளோபல் பெர்ஸ்பெக்டிவ்ஸ்’ என்று தனிப் பாடம் உண்டு. ஆய்வு, பகுப்பாய்வு, மதிப்பீடு, தன்னாய்வு, கூட்டுழைப்பு, கருத்துப் பரிமாற்றம் என ஆறு திறன்களை அதில் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். அந்த ஆறையும் நான் கரும்பலகையில் அழகாக எழுதுவேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதற்கு மேல் வகுப்பில் எதுவும் நன்றாக நடந்ததாகச் சொல்ல முடியாது.

முதல் தலைப்பு பருவநிலை மாற்றம். ஆய்வறிக்கை எழுதி வரச் சொன்னேன். வந்து குவிந்ததில் வகுப்பு முழுவதற்கும் ஒரே பனிக்கரடி. ஒரே பனிக்கட்டியின் மேல், ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு, ஒரே சோகத்தோடு நின்றது. பள்ளிக்கு எதிரே இருக்கும் நெட் சென்டர்காரர்தான் உண்மையான ஆய்வாளர் என்பது போகப்போகத்தான் தெரிந்தது. தலைப்பைச் சொன்னால் போதும். படம், பத்தி, முடிவுரை, ஸ்பைரல் பைண்டிங் எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்வார். ஒரு பையனின் அட்டையில் வேறு பள்ளியின் பெயரே மாறாமல் இருந்தது. நான் என்ன செய்தேன்? கலர் பிரிண்ட் பளிச்சென்று இருந்த கரடிக்கு முழு மார்க் போட்டேன். கறுப்பு வெள்ளைக் கரடிகளுக்கு இரண்டு மார்க் குறைத்தேன்.

ஒரு மாணவி மட்டும் கடைசிப் பக்கத்தில் பேனாவால் நாலு வரி எழுதியிருந்தாள். 2021 நவம்பர் மழையில் ராயலசெருவு ஏரிக்கரை கசிந்து, கீழே இருந்த ஊர்க்காரர்களை வெளியேற்றியபோது, மாட்டை அவிழ்த்துவிடாமல் கிளம்ப மாட்டேன் என்று அவளுடைய பாட்டி அடம்பிடித்த கதை. அந்த மாதம் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியது. திருமலைப் பாதைகளை மூட வேண்டியதாயிற்று. ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் வராது என்று பெயர் வாங்கிய சீமை இது. பருவநிலைப் பாடம் வீட்டு வாசலுக்கே வந்து நின்ற வருடம். நான் அந்த நாலு வரியைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் ‘தலைப்புக்குப் புறம்பானது’ என்று எழுதினேன். அந்த வகுப்பில் யாரும் எங்கிருந்தும் காப்பியடிக்காத பகுதி அது ஒன்றுதான்.

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் வழியில் காதங்கி என்று ஒரு கிராமம். அங்கே விண்வெளித் துறையின் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் இருக்கிறது. 1024 ஆன்டெனாக்களை வரிசையாக நட்டு, 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை மேலே அனுப்பி, பல கிலோமீட்டர் உயரத்தில் காற்று எப்படி ஓடுகிறது என்று அளக்கும் எம்.எஸ்.டி. ராடார் தொண்ணூறுகளிலிருந்து அங்கே வேலை செய்கிறது. அந்த ஊரை பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் நான் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு ஆர்க்டிக்கைக் காட்டிய ஆசிரியருக்குக் காதங்கி தெரியவில்லை.

அடுத்த தலைப்பு பொய்ச்செய்தி. இதற்கு மட்டும் நான் நன்றாகத் தயார் செய்திருந்தேன். அமெரிக்காவில் 1998இல் ஒருவர் வேடிக்கைக்காக ஓர் இணையதளம் தொடங்கினார். மரத்தில் வாழும் ஆக்டோபஸ் ஒன்று அழிந்துவருகிறது, காப்பாற்றுங்கள் என்று அதில் உருக்கமாக எழுதியிருந்தார். கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டியபோது, பெரும்பாலோர் அப்படியே நம்பினார்கள். இதைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன்.

பிறகு சுதந்திர தினம் வந்தது. கொடியேற்றம் முடிந்ததும் மைக்கைப் பிடித்து, உலகிலேயே சிறந்தது நம் தேசிய கீதம் என்று யுனெஸ்கோ அறிவித்திருப்பதாக முழங்கினேன். நல்ல கைதட்டல். வகுப்புக்குள் நுழைந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “எவரு செப்பாரு சார்?” யார் சொன்னது என்று பையன் கேட்கிறான். நான் கற்றுக்கொடுத்த அதே கேள்வி. என் ஆதாரம், மச்சான் காலையில் அனுப்பிய வாட்ஸ்அப். யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவித்ததில்லை. அந்தப் புரளியைப் பல வருடங்களுக்கு முன்பே மறுத்தும் இருக்கிறது. இது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், “நான்தான் சொல்றேன், உட்காரு.” ஆக்டோபஸை நம்பிய அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. எனக்கு ஐம்பத்தொன்று.

இதில் பெரிய கேவலம் வேறு. சொல்வதற்கு உண்மையான சேதியே கைவசம் இருந்தது. 1919 பிப்ரவரியில் தாகூர் மதனப்பள்ளி பெசன்ட் தியசாபிகல் கல்லூரியில் வந்து தங்கினார். அப்போது கல்லூரி முதல்வர் ஜேம்ஸ் கசின்ஸ். அங்கேதான் தாகூர் ஜன கண மனவைத் தன் கையால் ஆங்கிலத்தில் ஆக்கினார். முதல்வரின் மனைவி மார்கரெட் கசின்ஸ் மெட்டுக்கு இசைக்குறிப்பு எழுதினார். 2022இல் மாவட்டங்களைப் பிரிக்கும் வரை மதனப்பள்ளி எங்கள் சித்தூர் மாவட்டம்தான். பக்கத்து ஊரில் நடந்த நிஜத்தை விட்டுவிட்டு, பாரிஸில் இருக்கும் யுனெஸ்கோவில் நடக்காத ஒன்றுக்கு நான் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

கொஞ்சம் ஆறுதலும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் ஒரு சோதனை நடத்தினார்கள். வரலாற்று அறிஞர்கள், கல்லூரி மாணவர்கள், செய்தி சரிபார்ப்பவர்கள் என்று மூன்று தரப்பிடமும் சில இணையதளங்களைக் கொடுத்து, எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். முனைவர் பட்டம் பெற்றவர்களில் பலர் அந்தப் பக்கத்தையே மேலும் கீழும் உருட்டிக்கொண்டு ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ அந்தப் பக்கத்தை அதிகம் படிக்கவே இல்லை; உடனே வெளியே போய், இதை நடத்துவது யார், அவரைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். என்னுடைய கடைசி பெஞ்ச் பையன் செய்தது இதைத்தான். ஸ்டான்ஃபோர்டில் அவனைப் பாராட்டியிருப்பார்கள். சித்தூரில் நான் உட்காரச் சொன்னேன்.

வணிகம் என்ற தலைப்புக்கு பிரேசில் காபியை எடுத்துக்கொண்டேன். எதிரே உட்கார்ந்திருந்ததில் பாதிப்பேர் மாந்தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளைகள். தோத்தாபுரி மாங்காய் கூழாகி டின்னில் அடைபட்டு வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் ஊர் இது. 2025 ஜூனில் காய் வரத்து மிகுந்து விலை விழுந்தது. கூழ் ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆக கிலோவுக்கு 12 ரூபாய் என்று ஆந்திர அரசு தீர்மானித்தது. வெளிமாநிலத் தோத்தாபுரி மாவட்டத்துக்குள் வரக்கூடாது என்று தடையும் போட்டார்கள். அதை நீக்கச் சொல்லி கர்நாடக முதல்வர் சித்தராமையா, சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார்.

இதைவிட நல்ல விவாதப் பொருள் எங்கே கிடைக்கும் என்று காபியை விட்டுவிட்டு வகுப்பை இரண்டாகப் பிரித்தேன். தடை சரி என்று ஒரு அணி, தவறு என்று ஒரு அணி, நடுவர் நான். கர்நாடகத்துக் கோலார் விவசாயி தரப்பில் பேசிய பெண் அருமையாகப் பேசினாள்: அவங்க மாங்காயும் அதே மழையில காய்ச்சதுதானே, எல்லைக்கோடு மரத்துக்குத் தெரியுமா என்றாள். தடை சரி என்று தீர்ப்பளித்தேன். மணியடித்ததும் ஒரு பையன் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டான்: “சார், உங்க மாமனார் தோட்டத்துக் காய் எந்த பேக்டரிக்குப் போச்சு?” நடுவருக்கு மரங்கள் உண்டு என்பதை நடுவர் அறிவிக்கவில்லை. ‘சொல்பவருக்கு இதில் என்ன லாபம் என்று பாருங்கள்’ என்று அதற்கு முந்தின வாரம்தான் கரும்பலகையில் எழுதியிருந்தேன், அழகான கையெழுத்தில்.

சிரித்துத் தள்ள முடியாத ஒன்றும் இருக்கிறது. காடழிப்பு பற்றிப் பேசும்போது ஒரு மாணவன் செம்மரம் என்றான். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே இயற்கையாக வளரும் மரம். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் இருப்பது. திருட்டுத்தனமாக சீனா, ஜப்பான் வரை போவது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் இருபது பேரை போலீஸ் சுட்டுக் கொன்றது. தாக்க வந்தார்கள் என்றது போலீஸ். போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். காடு, சட்டம், வறுமை, பன்னாட்டுச் சந்தை, ஒன்றுக்கொன்று முரணான இரண்டு சாட்சியங்கள். இந்தப் பாடம் கேட்பதெல்லாம் இந்த ஒரு காட்டுக்குள்ளேயே இருக்கிறது.

பையன் கேட்டான்: “சார், வெட்ட வந்தவன் செத்துட்டான். வாங்குறவன் யாரு?”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். போர்ஷன் நிறைய இருக்கிறது என்று சொல்லிவிட்டு அமேசான் காட்டுக்குப் போய்விட்டேன். அமேசான் ரொம்பப் பாதுகாப்பான காடு. அங்கிருந்து எந்தப் பெற்றோரும் ஹெட்மாஸ்டரிடம் புகார் கொடுக்க வர மாட்டார்கள்.

ஊர் விஷயத்தை ஒழுங்காக ஆராய்ந்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் லண்டன்காரர். திருமலையில் மொட்டை போட்டு நாம் கொடுக்கும் முடியை தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. வருடத்துக்கு நூறு கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். நீளமான முடி விக் செய்யக் கடல் கடந்து போகிறது. ஆசார யூதப் பெண்கள் திருமணத்துக்குப் பிறகு தலைமுடியை மறைக்க வேண்டும். அதற்கு விக் அணிபவர்கள் நிறைய. அந்த முடி வேறொரு தெய்வ வழிபாட்டில் கொடுக்கப்பட்டதா, அப்படியானால் அணியலாமா என்று 2004இல் கேள்வி எழுந்தது. யூத மதகுரு ரபி டன்னர் லண்டனிலிருந்து புறப்பட்டுத் திருப்பதிக்கே வந்து, நேரில் விசாரித்துப் போனார். ஜெருசலேமில் ரபி எல்யாஷிவ் அணியக்கூடாது என்று தீர்ப்புச் சொல்ல, புரூக்ளின் தெருக்களில் விக்குகளைப் போட்டுக் கொளுத்தினார்கள். அந்தத் தீர்ப்பு சரியா என்பது அவர்கள் பாடு. ஆனால் சந்தேகம் வந்ததும் டிக்கெட் எடுத்து, மொட்டை போடும் இடத்துக்கே வந்து கேட்டார் பாருங்கள், அதைத்தான் ஆய்வு என்கிறோம். நான் சிறுவயதிலிருந்து அங்கே மொட்டை போட்டுக்கொள்கிறேன். முடி எங்கே போகிறது என்று ஒரு தடவைகூட யாரிடமும் கேட்டதில்லை. விக் சந்தையில் என் முடிக்கு விலை இருந்திருக்காது என்பது வேறு விஷயம்.

யோசித்துப் பார்த்தால் என் தோல்விகள் எல்லாம் ஒரே வகை. ‘உலகப் பிரச்சினை’ என்றால் தூரத்தில் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். தூரத்தில் இருந்தால் பிள்ளைகளால் சரிபார்க்க முடியாது. பக்கத்தில் இருந்தால் முதலில் என்னைத்தான் சரிபார்ப்பார்கள். பனிக்கரடியைத் தேர்ந்தெடுத்தது நெட் சென்டர்காரர் இல்லை, நான்தான்.

இந்த வருடம் விதியை மாற்றியிருக்கிறேன். தலைப்பு உலகத்தைப் பற்றியது. ஆனால் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் திரும்பக்கூடிய இடத்தில் ஆரம்பிக்க வேண்டும். ஒருவரிடமாவது நேரில் கேட்டிருக்க வேண்டும். கையால் எழுத வேண்டும். காதங்கி பட்டியலில் இருக்கிறது, மாங்காய் இருக்கிறது, முடி இருக்கிறது. செம்மரம் இன்னும் இல்லை. அதற்கான தைரியம் எனக்கு வரவில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து, “இன்னைக்கு சார்கிட்ட ஆதாரம் கேட்டேன்” என்று சொன்னால் திட்டாதீர்கள். சார் என்ன பதில் சொன்னார் என்று கேளுங்கள். ‘உட்காரு’ என்றுதான் சொன்னார் என்றால், மறுநாளும் கேட்கச் சொல்லி அனுப்புங்கள்.