பின்னுதைப்பே இல்லாத துப்பாக்கி

ராணுவத்துக்குத் துப்பாக்கி வடிவமைக்கிறவர்களுக்குத் தீராத தலைவலி பின்னுதைப்பு. 4 கிராம் ரவை நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் முன்னால் பாய்ந்தால், 4 கிலோ துப்பாக்கி நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகத்தில் பின்னால் வந்து சுட்டவன் தோளை இடித்தே தீரும். நியூட்டனிடம் சிபாரிசு செல்லாது. சுருள்வில் வைத்தார்கள், குழல் முனையில் துளை போட்டு வாயுவைப் பக்கவாட்டில் திருப்பினார்கள். உதை குறைந்தது, ஒழியவில்லை. புனேயிலும் திருச்சியிலும் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ளும் பொறியாளர்கள் திருப்பதி வரை ஒரு நடை போய் வரலாம். பின்னுதைப்பு அறவே இல்லாத துப்பாக்கியை சேஷாசலம் காட்டில் 2015 ஏப்ரல் 7 அன்றே சுட்டுப் பார்த்தாகிவிட்டது.

அப்போது அந்த இடம் சித்தூர் மாவட்டம். 2022-இல் திருப்பதி மாவட்டமாகிவிட்டது. சந்திரகிரி வட்டாரக் காட்டில் விடியும் நேரத்தில் ஓரிடத்தில் 11 பேர், இன்னோரிடத்தில் 9 பேர் சுடப்பட்டுச் செத்தார்கள். இருபது பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள், பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக் கூலிகள். சுட்டது ஆந்திரத்தின் செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப்படை. நூறு பேர் கல்லும் கோடாரியுமாகப் பாய்ந்தார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றார்கள். அரையிருட்டு, மரக்கூட்டம், கல்மழை. இத்தனைக்கும் நடுவே ரவைகள் கால் பக்கம் போகாமல் நெஞ்சையும் தலையையும் தேடிப் போயிருக்கின்றன. சுட்டவர்களில் ஒருவரும் சாகவில்லை. உதை இல்லாவிட்டால் குறி எவ்வளவு நன்றாக நிற்கிறது பாருங்கள்!

வடிவமைப்பு புல்பப் வகை. அதாவது விசை முன்னால், பொறியும் தோட்டாக்கூடும் அதற்குப் பின்னால் அடிக்கட்டைக்குள். நீளமான குழலைக் குட்டைத் துப்பாக்கிக்குள் ஒளித்து வைக்கும் சாமர்த்தியம் இது. செம்மர வியாபாரமும் இதே அமைப்புதான். முன்னால் தெரிகிறவன் ஜவ்வாது மலையில் முன்பணம் வாங்கி பஸ் ஏறிய கூலி. அவனுக்குப் பின்னால் ஆள் பிடிக்கும் மேஸ்திரி, மேஸ்திரிக்குப் பின்னால் லாரிக்காரன், அவனுக்குப் பின்னால் துறைமுகம், கடைசியில் சீனத்து மாளிகையில் ஒரு நாற்காலி. சுடும்போது முன்பக்கம் மட்டும் சூடேற வேண்டும் என்பதில் பொறியாளர்கள் கவனமாக இருந்திருக்கிறார்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று கேட்பதெல்லாம் பழங்காலம். இங்கே அம்பை எண்ணி வரிசையாகக் கிடத்திப் படமும் பிடித்தாயிற்று.

அந்தப் படங்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். உடல்களின் பக்கத்தில் செம்மரக் கட்டைகள். அவற்றில் சிலவற்றின் மேல் பழைய பெயின்ட் குறிகள். பறிமுதல் செய்து கிடங்கில் அடுக்கும் கட்டைக்குத்தானே குறி போடுவார்கள் என்று நிருபர்களும் உண்மை அறியும் குழுவினரும் கேட்டார்கள். வெட்டும்போதே எண்ணோடு விழும் மரம் தாவரவியலில் புதிதுதான்! பஸ்ஸிலிருந்து ஆட்களை இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சாட்சி சொன்னார்கள். அவர்களில் ஒருவர் பிழைத்தது, ஒரு பெண் பயணிக்கு அருகே உட்கார்ந்திருந்ததால். பஸ்ஸில் எந்த சீட் என்பதுதான் உயிரைத் தீர்மானித்தது.

2013 டிசம்பரில் இதே காட்டில் வனத்துறை அதிகாரிகள் இரண்டு பேரைக் கடத்தல் கும்பல் அடித்துக் கொன்றது. அந்தக் கொலைக்குத் தண்டனை வேண்டும் என்பதில் மறுபேச்சு இல்லை. தண்டனையை நீதிமன்றம் கொடுக்க வேண்டும் என்பதிலும் மறுபேச்சு இருக்கக் கூடாது.

இனி, உதை எங்கே போனது? இதுதான் தொழில்நுட்ப ரகசியம். என்கவுன்ட்டர் சாவு ஒவ்வொன்றுக்கும் வழக்குப் பதிந்து சுதந்திரமாக விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில்தான் சொல்லியிருந்தது. அது முதல் சுருள்வில், கொஞ்சம் அமுங்கிற்று. உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு கொலைப் பிரிவில் வழக்கு. அது இரண்டாவது வில். சிறப்புப் புலனாய்வுக் குழு மூன்றாவது. அதற்குள் அமர்ந்த காவலர்கள் ஆந்திரக் காவலர்களே என்பதால் மெத்தென்று இருந்தது. குடும்பத்துக்கு 5 லட்சம் கொடுங்கள் என்று மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்ததும் மாநில அரசு நீதிமன்றத்துக்கு ஓடித் தடை வாங்கியது. வில் மேல் வில். தோளுக்கு வந்து சேரும்போது ஒரு தூசி தட்டிய அளவுகூட இல்லை. இன்றுவரை ஒரு காவலரும் தண்டிக்கப்படவில்லை.

ஆனால் உந்தம் அழியாது என்பது விதி. சுட்டவன் தோளை விட்டால் அது வேறொரு தோளில் இறங்கியாக வேண்டும். போளூருக்கு மேற்கே மலையேறிப் போனால் அந்தத் தோள்களைப் பார்க்கலாம். புருஷன் போன பின் கடனை அடைக்கச் செங்கல் சூளைக்குப் போகிறவை அவை. தமிழக அரசு ஒரு பிணத்துக்கு 3 லட்சம் என்று கொடுத்துத் தன் கடமையை முடித்துக்கொண்டது. மலையிலேயே பிழைக்க ஒரு வேலை இருந்தால் எவன் திருப்பதி பஸ் ஏறுவான் என்று கேட்கும் கோப்பு சென்னையில் எந்த மேசையிலும் இல்லை. 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் சேலத்துப் பக்கத்து மலைக்காரர்கள் ஐந்து பேர் பிணமாக மிதந்தார்கள். அப்போதும் இங்கே கண்டனக் கடிதம்தான் எழுதினார்கள். அதற்கும் பின்னுதைப்பு கிடையாது.

பறிமுதல் செய்த செம்மரத்தை மட்டும் ஆந்திர அரசு டன் கணக்கில் உலக ஏலத்தில் விட்டுப் பல நூறு கோடி பார்த்தது. அதே மரம், அதே வாங்குகிறவர்கள். ரசீது இருந்தால் ஏற்றுமதி, இல்லாவிட்டால் ரவை.

ஆயுதக் கண்காட்சிக்கு அனுப்ப எல்லாத் தகுதியும் இந்த மாடலுக்கு உண்டு. உத்தரவாதக் காலம் பத்தாண்டைத் தாண்டிவிட்டது. இதுவரை ஒரு திருகுகூட மாற்ற வேண்டி வரவில்லை.