லாக் சாஃப்ட்வேர் நிபுணர்

உரிமம் வாங்கி வானலையில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்களில் பல ரகம் உண்டு. நிலாவில் சிக்னலை மோதவிட்டு, திரும்பி வருவதைப் பிடிக்கிறவர் ஒரு ரகம். மோர்ஸ் சாவியைத் தட்டிக்கொண்டே தூங்கிப்போகிறவர் ஒரு ரகம். காலையில் நாற்பது மீட்டர் அலைவரிசையில் தவறாமல் வந்து, ஊர் ஊராக மழை விசாரிக்கிறவர் இன்னொரு ரகம். பேசினால் அதை எந்த சாஃப்ட்வேரில் பதிவது என்று முடிவாகாததால் இன்னும் சரியாகப் பேசவே ஆரம்பிக்காத ஒருவரும் ஊருக்கு ஊர் இருக்கிறார். நம் நிபுணர் அவர்தான்.

வானில் யாரோடு பேசினாலும் அதை லாகில் குறித்துவைப்பது ஹாம்களின் மரபு. நம் நாட்டில் அது விதியும்கூட. தேதி, நேரம், எதிராளியின் கால்சைன் என்ற அழைப்புப் பெயர், அலைவரிசை, பேசிய முறை, ஒருவரை ஒருவர் கேட்ட தரம் ஆகிய ஆறு விஷயங்களை எழுதினால் முடிந்தது. ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும். ஆனால் இந்த ஆறையும் எழுதுவதற்கென்று உலகெங்கும் ஹாம்களே ராக்கண் விழித்து எத்தனையோ சாஃப்ட்வேர்களைச் செய்து குவித்திருக்கிறார்கள். அத்தனையையும் சோதித்து முடித்த பிறகே மைக்கைத் தொடுவது என்பது நிபுணரின் விரதம்.

எதைப் பற்றிக் கேட்டாலும் தீர்ப்புத் தயாராக இருக்கும். என்1எம்எம் லாகர் எப்படி சார்? "காண்டெஸ்ட்டுக்கு அதை அடிச்சுக்க ஆளில்லை. இலவசம் வேற. ஆனா போட்டிக்குன்னே பண்ணினது. ஒருத்தரோட சாவகாசமா பேசணும்னா சரிப்படாது." சாவகாசமாகவோ அவசரமாகவோ அவர் யாரோடும் பேசியதே அபூர்வம் என்பதை அந்த நேரத்தில் நினைவூட்டுவது பண்பாகாது.

லாக்4ஓஎம் இத்தாலிக்காரர் ஒருவர் எழுதி இலவசமாகக் கொடுப்பது. "அதுல எல்லாமே இருக்கு. அதான் தொந்தரவு." டிஎக்ஸ்லேப் என்பது ஒரு நிரல் அல்ல, எட்டு. ரிக் என்கிற ரேடியோ பெட்டியை இயக்க ஒன்று, லாக் எழுத ஒன்று, உலகப்படம் காட்ட ஒன்று என்று தனித்தனியாக இருந்தாலும் எட்டும் தமக்குள் ஓயாமல் பேசிக்கொள்ளும். நிபுணரின் ரேடியோ அறையில் இதுவரை நடந்த உரையாடல்களில் பெரும்பங்கு அவற்றுடையது.

ஹாம் ரேடியோ டீலக்ஸ் ஒரு காலத்தில் இலவசமாக இருந்தது. 2011இல் கைமாறி, பிறகு விலைக்கு வந்துவிட்டது. இலவசமாக இருந்தபோதே இறக்கி வைத்துக்கொள்ளவில்லையே என்ற துக்கம் நிபுணருக்கு இன்னும் ஆறவில்லை. லட்ச ரூபாய்க்கு ரிக் வாங்கியபோது அவர் இவ்வளவு வருந்தவில்லை. லினக்ஸில் சிக்யூஆர்லாக் நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னதால் லினக்ஸுக்கு மாறினார். மேக்கில் ரம்லாக் இதைவிட நன்றாக இருக்குமாம். மேக் வாங்கும் கோப்பு மனைவியின் மேஜையில் நிலுவையில் இருக்கிறது.

இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் ஒரு எக்செல் தாள் உண்டு. இடப்பக்கம் சாஃப்ட்வேர்களின் பெயர்கள். மேலே விலை, வரைபடம், தானே காப்பெடுக்குமா, இருட்டுத் திரை உண்டா என்று தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். அந்தத் தாளில் இருக்கும் வரிகளில் கால்வாசிகூட அவருடைய லாகில் கிடையாது. லாகில் இருப்பவையும் சந்தேகத்துக்குரியவை. ஒரு சாஃப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதெல்லாம் பழைய பதிவுகளை இறக்குமதி செய்வார். சில சமயம் மறந்து இரண்டு தரம் செய்வார். இலங்கை நண்பர் ஒருவரோடு என்றோ நான்கு நிமிடம் பேசியது இன்றைக்கு எட்டு உரையாடல்களாக வளர்ந்து நிற்கிறது.

சாஃப்ட்வேரை நிறுவுவதோடு வேலை முடிவதில்லை. அது ரிக்கோடு பேச வேண்டும். ரிக்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு வருவது ஒரே யுஎஸ்பி கம்பி, அதற்கு ஒரே காம் போர்ட். அதை லாகரும் கேட்கும், கம்ப்யூட்டர் வழியே பேசும் எஃப்டி8 நிரலும் கேட்கும், இன்னும் இரண்டும் கேட்கும். கூட்டுக்குடும்பத்து ஒற்றைக் குளியலறை மாதிரி, முதலில் உள்ளே போனது தாழ் போட்டுக்கொள்ளும். மற்றவை வெளியே நின்று கத்தும். இதற்காக இல்லாத போர்ட்டுகளை இருப்பதாகக் காட்டும் இன்னொரு சாஃப்ட்வேரை நிறுவ வேண்டும். அதிலும் மூன்று கம்பெனி உண்டு என்று தெரிந்த அன்று நிபுணர் புது எக்செல் தாள் திறந்தார்.

நேரம் என்பது அடுத்த கண்டம். ஹாம்களின் கடிகாரம் உலகப் பொது நேரமான யுடிசியில் ஓடுவது. நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குப் பேசினால் லாகில் அது ஞாயிறு இரவு பதினொன்றரை. ஏதோ ஒரு லாகர் கம்ப்யூட்டரின் இந்திய நேரத்தை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டால் வந்தது வினை. அமெரிக்க ஹாம் சங்கம் 2003 முதல் நடத்தும் லாக்புக் ஆஃப் த வேர்ல்டில் இரு பக்கப் பதிவுகளின் நேரமும் அரை மணிக்குள் பொருந்தினால்தான் பேசியது உறுதியாகும். ஐந்தரை மணி பிசகினால் பேசியும் பேசாத கணக்குதான்.

அந்த லாக்புக்குக்குப் பதிவேற்ற டிஜிட்டல் சான்றிதழ் வேண்டும். உரிமத்தின் நகலை அனுப்பி நிபுணர் அதையும் வாங்கிவிட்டார். மூன்று ஆண்டில் காலாவதியாகும். காலாவதியாவதற்கு ஒரு மாதம் முன்பே புதுப்பித்தும் விட்டார். பதிவேற்றும் அளவுக்குத்தான் இன்னும் எதுவும் சேரவில்லை. 2024 மே மாதம் அந்தச் சங்கத்தின் கணினிகள் தாக்கப்பட்டு, ஜூலை முதல் தேதி வரை லாக்புக் முடங்கிக் கிடந்தது. ஆயிரக்கணக்கில் பதிவு வைத்திருந்தவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். நிபுணர் மட்டும் சாப்பாடு இறங்காமல் தவித்தார்.

உலகத்தை 340 தனி இடங்களாக எண்ணி, அவற்றில் நூறோடு பேசி உறுதி செய்தால் டிஎக்ஸ்சிசி விருது. இந்தியா ஒன்று, அந்தமான் ஒன்று, லட்சத்தீவு ஒன்று என்று நம் நாடே மூன்றாக எண்ணப்படும். நிபுணர் பேச வேண்டியவையே இன்னும் தொண்ணூற்று நான்கு பாக்கி. ஆனால் பேசி முடித்த நாடு பச்சை, உறுதியானது நீலம், பாக்கி சிவப்பு என்று வண்ணங்களை முடிவு செய்துவிட்டார். சுவரிலுள்ள உலகப்படம் ரத்தக் களறியாக இருக்கிறது.

"இன்னைக்கு யார்கிட்டங்க பேசினீங்க?" என்பார் மனைவி, காபியை வைத்துக்கொண்டே.

"பேசலை. ஆனா பேசினா உடனே மேப்ல கோடு இழுக்கும், பாரு."

"எதிர்வீட்டு அண்ணாச்சிகிட்டயாவது போய்ப் பேசிட்டு வாங்க. கோடு நான் இழுக்கிறேன்."

அக்டோபர் கடைசியில் வரும் சிக்யூ வேர்ல்ட்வைட் போட்டியில் அவரைப் பார்க்க வேண்டும். யுடிசி சனி பூஜ்ய மணிக்குத் தொடங்கி நாற்பத்தெட்டு மணி நேரம் நடப்பது. நமக்கு சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு ஆரம்பம். எதிர்ப்படுகிறவருக்கு "ஃபைவ் நைன் ட்வென்டி டூ" என்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு இந்தியாவின் மண்டல எண். ஐம்பத்தொன்பது என்பது மிகத் தெளிவாகக் கேட்கிறது என்பதற்கான மதிப்பெண். கால்சைனை நான்கு தரம் திருப்பிக் கேட்டவனும் போட்டியில் அதைத்தான் கொடுப்பான். சாஃப்ட்வேரே அதை நிரப்பிவைத்திருக்கும். நிபுணருக்கு இது மனசாட்சிப் பிரச்சினை. ஒரு வருஷம் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவது எப்படி என்று தேடுவதில் சனிக்கிழமை போனது.

ஞாயிறன்று எஃப்1 விசையில் தன் குரலைப் பதிந்துவைத்தார். அதை அழுத்தினால் "சிக்யூ காண்டெஸ்ட்" என்று அவர் குரலே வானில் போய்க் கூப்பிடும். முதல் பதிவில் தொண்டை கரகரத்தது. இரண்டாவதில் குக்கர் விசில். ஒன்பதாவது பதிவு திருப்தியாக வந்த சந்தோஷத்தில் விசையில் விரல் பட்டுவிட்டது. குரல் வானேறியது. உடனே ஒரு ஜப்பான்காரர் வந்து "ஃபைவ் நைன் ட்வென்டி ஃபைவ்" என்றார். நிபுணருக்குக் கை வெலவெலத்துவிட்டது. எந்தச் சாளரத்தில் எழுதுவது? திறந்திருந்தவை நான்கு. கடைசியில் தினசரி காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதிக்கொண்டார். அந்த வருஷப் போட்டியில் அவருடைய லாக் அதுதான்.

கிளப் கூட்டங்களுக்குத் தவறாமல் வருவார். ஒருமுறை மூத்த ஹாம் ஒருவர் 2004 டிசம்பர் சுனாமியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசப் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர், கடல் பொங்கிய அந்தக் காலையிலேயே விளையாட்டை நிறுத்திவிட்டு, போர்ட் பிளேயரிலிருந்து அவசரச் செய்திகளை அனுப்பத் தொடங்கியதைச் சொன்னார். தொலைபேசி செத்துக் கிடந்த தீவில் இருந்தவர்களின் சேதியை, தவித்துக்கொண்டிருந்த உறவினர்களுக்கு ரேடியோ கொண்டுசேர்த்ததைச் சொன்னார். அரங்கத்தில் பேச்சுமூச்சில்லை. நிபுணர் கையைத் தூக்கினார்.

"சார், அவங்க லாக் எதுல போட்டாங்க?"

பெரியவர் அவரை ஒரு கணம் பார்த்தார். பெரியவருடைய லாக், கோடு போட்ட நோட்டுகளாகப் பரண் நிறைய இருப்பது ஊரறிந்தது. "உயிர் போற நேரத்துல எதுல எழுதினா என்னய்யா?" என்றார்.

"அதான் சார் நானும் கேக்கறேன். அந்த நேரத்துல தாங்கற சாஃப்ட்வேர் எது?"

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கிளப்பில் யாருடைய லாக் கெட்டுப்போனாலும் கூப்பிடுவது அவரைத்தான். போர்ட் சண்டையா, நேரக் குழப்பமா, சான்றிதழ் தகராறா, போனிலேயே தீர்த்துவைப்பார். மற்றவர்களின் ஆயிரமாயிரம் உரையாடல்கள் இன்று பத்திரமாக இருப்பதற்கு அவர்தான் காரணம். பேசிப் பேசியே பொழுது போக்கியவர்கள் யாருக்கும் இந்த ஞானம் வாய்க்கவில்லை.

போன மாதம் கல்லூரி மாணவி ஒருத்தி புதிதாக உரிமம் வாங்கிக்கொண்டு கிளப்புக்கு வந்தாள். எல்லோரும் ஒரே குரலில் அவளை நிபுணரிடம் அனுப்பினார்கள்.

"லாகுக்கு எந்த சாஃப்ட்வேர் சார் நல்லது?"

வாழ்நாளெல்லாம் காத்திருந்த கேள்வி. ஒன்றரை மணி நேரம் பேசினார். களைத்துப்போய்த் தண்ணீர் குடித்தபோது, தம்மையறியாமல் உண்மையைச் சொல்லிவிட்டார்: "இதோ பாரும்மா, 1996லேர்ந்து ஏடிஃப்னு ஒரு பொதுவான ஃபைல் முறை இருக்கு. எந்த சாஃப்ட்வேரும் அதுல எழுதும், அதைப் படிக்கும். எதை வேணா எடு. பிடிக்கலைன்னா நாளைக்கே மாத்திக்கலாம், ஒண்ணும் கெட்டுப்போகாது. மொதல்ல பேச ஆரம்பி."

அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். எஃப்டி8இல் இறங்கினாள். 1993இல் இயற்பியலுக்கு நோபல் வாங்கிய ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃப்ராங்கேயும் 2017இல் கொடுத்த முறை அது. பதினைந்து பதினைந்து விநாடியாகக் கம்ப்யூட்டரே பேசிக்கொள்ளும். பேசி முடித்ததும் "பதியட்டுமா?" என்று ஒரு பெட்டி வரும். சரி என்று தட்டினால் அந்த நிரல் தானே ஒரு ஏடிஃப் கோப்பில் எழுதிவைத்துக்கொள்ளும். அவள் வேறு லாகரே நிறுவவில்லை. மூன்று வாரத்தில் முப்பத்தெட்டு நாடு. ஒருநாள் சாயங்காலம் நிபுணரையே வானில் பிடித்துவிட்டாள். ரிக் இயங்குகிறதா என்று பார்க்க அவர் அப்போதுதான் போட்டிருந்தார். தப்பிக்க வழியில்லாமல் பதில் சொல்லிவிட்டார்.

நாலாம் நாள் போன் வந்தது.

"சார், நாம பேசினது லாக்புக் ஆஃப் த வேர்ல்டுல இன்னும் கன்ஃபர்ம் ஆகலையே. நீங்க அப்லோட் பண்ணலையா?"

"பண்ணணும்மா. எதுலேர்ந்து பண்றதுன்னுதான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"எதுலேர்ந்தாவது பண்ணுங்க சார். பிடிக்கலைன்னா நாளைக்கே மாத்திக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது புதுசா வர்றவங்களுக்கும்மா" என்றார் நிபுணர்.